மரித்தோர் பட்டியலில் அஜ்மல்

நவம்பர் வந்தால் எங்கள் சர்ச்சில் செத்தவர்களுக்குத்தான் மவுசு. உயிரோடு இருப்பவர்கள் ஞாயிறு பூசைக்கு வராமலிருக்க ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். தங்கள் வீட்டில் மரித்தவர்களின் பெயரை எழுதி, உறையில் வைத்துப் பெட்டியில் போட மட்டும் ஒருவரும் மறப்பதில்லை. அந்தப் பெயர்களையெல்லாம் தட்டச்சு செய்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். மாதம் முழுவதும் அவர்களுக்காகப் பூசை நடக்கும். பல வருடமாக அந்த வேலையைச் செய்துவந்த கிறிஸ்டல் டீச்சர் மகனோடு கோலாலம்பூருக்குக் குடிபோய்விட்டார். அதனால் இந்த வருடம் ஃபாதர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் ஃபேக்டரியில கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்திருக்கியே லீனா" என்றார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இருபது வருடமாக நான் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்றுதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். ஃபாதரிடம் வாயாட வேண்டாமென்று உறைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்தபின், கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பெஞ்சமின் சோபாவில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு உறையும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. அதை எழுதிப் போடுவது அவர் பொறுப்பு. என் அம்மா, அவருடைய அப்பா, அம்மா, அண்ணன் ஜெஃப்ரி. நான்கு பெயர்களுக்கும் கீழே, ஸ்டோர் வேலையில் பெட்டிமேல் எழுதிப் பழகிய அதே பெரிய எழுத்தில், ஐந்தாவதாக ஒரு பெயர் இருந்தது: அஜ்மல்.

"யாருங்க இது, அஜ்மல்?"

அவர் திரும்பவில்லை. "கூட வேல செஞ்சவரு."

"அங்கயா?"

"ம்."

"எப்பச் செத்தாரு?"

"உயிரோட இருக்க மாட்டாருலா" என்றார்.

நூற்று நாற்பது உறை அடித்துவிட்டேன். இருக்க மாட்டார் என்ற கணக்கில் ஒருவரையும் யாரும் எழுதியிருக்கவில்லை. கிறிஸ்டல் டீச்சர் கொடுத்துவிட்டுப் போன பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். 2023இல் அஜ்மல் இருந்தார். 2022இலும் இருந்தார். 2021இலும் இருந்தார். மூன்று நவம்பர் அந்த மனிதருக்காக நானும் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அங்கே என்றால் ஆப்கானிஸ்தான். கந்தஹாரில் அமெரிக்கப் படை இருந்த விமானத் தளத்தில், ஒரு துபாய் கம்பெனிக்கு ஒன்பது வருடம் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தார் பெஞ்சமின். துப்பாக்கி பிடித்தவர் இல்லை. அரிசி மூட்டை, டாய்லெட் பேப்பர், ஜெனரேட்டர் உதிரிபாகம் என்று அடுக்கிவைத்தவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஸ்தா பையோடு வருவார், மூன்று வாரம் இருப்பார், போவார். 2021இல் படை மூட்டை கட்டியது. இவரும் வந்துவிட்டார். முழுசாக வந்துவிட்டார் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டதுதான் தப்பு.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் ஃபிளாட்டுக்குக் கீழே செத்தவர்களுக்காகக் காகிதம் எரிப்பார்கள். பினாங்கில் பிறந்து வளர்ந்தவருக்கு அது புதிதில்லை. ஆனால் வந்த வருடத்திலிருந்து அந்த மாதம் முழுக்க ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டு வைப்பார். அப்படியும் சாம்பல் உள்ளே வந்துவிட்டால் காரை எடுத்துக்கொண்டு பத்து ஃபிரிங்கி கடற்கரைப் பக்கம் போய்விடுவார். ரொம்பத்தான் பக்திமான் ஆகிவிட்டீர்கள் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

இன்னொன்றும் இருந்தது. அங்கே வைத்திருந்த பழைய கைப்பேசி ஒன்று படுக்கையறை மேசை டிராயரில் இருக்கும். தினமும் காலையில் அதற்குச் சார்ஜ் போடுவார். திறந்து பார்த்து நான் கண்டதில்லை. ஃபோட்டோக்கள் இருக்கும், ஞாபகத்துக்கு வைத்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுந்துபோய் அதை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன்.

"வேணாம் லீனா."

"பாஸ்வேர்ட் என்ன?"

சொன்னார். என் பிறந்த நாள்தான். அதற்கு நெகிழ்ந்துபோகும் மனநிலையில் நான் இல்லை.

அஜ்மலிடமிருந்து படிக்காத செய்திகள் நானூற்றுப் பன்னிரண்டு. நான் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். குட் மார்னிங் சார். சார், லெட்டர் எழுதியாகிவிட்டதா. சார், அமெரிக்கர்களிடம் வேலை செய்தவர்களைத் தேடி நேற்று எங்கள் தெருவுக்கு வந்தார்கள். சார், நாங்கள் வீடு மாறிவிட்டோம். சார், குவெட்டா வந்துவிட்டோம், இது பாகிஸ்தான், இங்கும் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. சார், லெட்டர் இல்லாமல் என் கோப்பு நகரவில்லை. செத்துவிட்டதாக எங்கள் வீட்டு உறையில் எழுதப்பட்ட மனிதர், அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன லெட்டர்?" என்றேன்.

பெஞ்சமின் டிவியை அணைத்தார். "கெளம்புறதுக்கு முன்னால உள்ளூர் ஆளுங்க பேப்பர் எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிட்டாங்க. பேரு வெளிய போனா ஆபத்துன்னு. நான்தான் டிரம்ல போட்டு எரிச்சேன். அஜ்மல் பக்கத்துல நின்னுகிட்டு, சார், என் ஃபைல மட்டும் குடுங்கன்னு கேட்டாரு. எட்டு வருஷம் நம்ம கூட வேல செஞ்சாருன்னு காட்டினாதான் வெளிநாட்டுல எடுத்துக்குவாங்க. நான் குடுக்கல. ரூல் ரூல்தான்னு சொன்னேன். ஊருக்குப் போயி நானே லெட்டர் எழுதி அனுப்புறேன், சூப்பர்வைசர் கையெழுத்து போதும், பயப்படாதன்னு சொன்னேன்."

"ஏன் எழுதல?"

"கம்பெனி பேர்ல எதுலயும் சைன் பண்ணக்கூடாதுன்னு மெயில் வந்துச்சு. ஒரு வாரம் பார்ப்போம்னு தள்ளிப் போட்டேன். அப்பறம் தள்ளிப் போட்டதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆகஸ்ட்ல அங்க ஆட்சியே மாறி எல்லாம் கைவிட்டுப் போச்சு. ஒரு நாளைக்கு இருவது மெசேஜ் வரும். பார்க்க முடியல. கொஞ்ச நாள் நின்னுச்சு. சரி, போய்ட்டாருன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, வேண்டிக்கிட்டீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் பதில் சொன்னார். "ரெண்டும்தான்" என்றார்.

அவர் அழுதார். நான் தொடவில்லை. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவரைப் பார்த்து அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இவர் கெட்டவரில்லை என்பதுதான் அந்தப் பயத்துக்குக் காரணம்.

கடைசியாக இந்த ஜூன் மாதம் வந்த செய்தி அஜ்மல் எழுதியதல்ல. அவருடைய மகள் லைலா எழுதியிருந்தாள். பெஞ்சமின் சாரின் வீட்டாருக்கு என்று ஆரம்பித்திருந்தது. "என் தந்தை சொல்கிறார், சார் உயிரோடு இருந்தால் பதில் போடாமல் இருக்கவே மாட்டாராம். அதனால் அவர் இறந்திருக்க வேண்டும் என்கிறார். மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்காக துஆ செய்கிறார். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அவர் எப்போது இறந்தார் என்று மட்டும் சொல்லுங்கள்."

சத்தமாக ஒரு முறை படித்துக் காட்டினேன். பிறகு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னால் வைத்தேன். இங்கே மணி மூன்று. அங்கே நண்பகல் இருக்கும்.

ஒரு பெண் எடுத்தாள். பெஞ்சமின் தன் பெயரைச் சொன்னார். அவள் அவர்கள் மொழியில் யாரையோ கூப்பிட்டாள். காலடி கேட்டது.

"சார்" என்றது ஓர் ஆண் குரல். "சார், நீங்களா?" ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அந்த மனிதர் சிரித்தார், அழுதார், கடவுளுக்கு நன்றி சொன்னார். என் கணவர் உயிரோடு இருப்பதற்கு நான்கூட ஒருநாளும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "என்ன ஆச்சு சார்? கொரோனாவா?"

அந்தப் பொய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நானாக இருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன்.

"இல்ல அஜ்மல். நான் நல்லாத்தான் இருந்தேன். உங்க மெசேஜ் வந்துச்சு. நான்தான் பார்க்கல."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. பிறகு அஜ்மல் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், லைலாவிடம் இதைச் சொல்லாதீர்கள். முதல் வருடமே அவள் சொன்னாள், அவர் சாகவில்லை, பதில் போடப் பிடிக்கவில்லை என்று. நான் அவளை அடித்துவிட்டேன். என் சாரைப் பற்றி அப்படிப் பேசாதே என்று அடித்தேன். என் மகளை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். நீங்கள் நோயில் கிடந்ததாகவே இருக்கட்டும்."

வெளிநாடு போக அவர் போட்டிருந்த விண்ணப்பக் கோப்பை மே மாதம் மூடிவிட்டார்களாம். இப்போது கடிதம் போனால் திறப்பார்களா என்று தெரியாதாம். அதையும் ஏதோ தன் தவறு போலத்தான் சொன்னார். பிறகு போன் கைமாறியது.

"சார், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா சொல்கிறார்" என்றாள் லைலா. பதினேழு வயது இருக்கும். குரல் தெளிவாக இருந்தது.

பெஞ்சமின் என்னைப் பார்த்தார். நான் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை.

"ஆமா" என்றார்.

"மூன்று வருடமும்?"

"ஆமாம்மா."

"இப்போது குணமாகிவிட்டதா?"

"ஆயிடுச்சி."

"அப்படியென்றால் பேனா பிடிக்க முடியும்தானே" என்றாள். "எழுதுங்கள் சார். நான் லைனிலேயே இருக்கிறேன்."

வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தேதியைப் போட்டு, அஜ்மலின் முழுப்பெயரை எழுத ஆரம்பித்தார். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை அவள் மூச்சு விடுவது எங்கள் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.