வெள்ளிக்கிழமை மசோதா

டெய்லர் சட்டசபைக்குப் போனதே மகளுக்காகத்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் கீழே உருண்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தது. டிரைவர் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார். இறங்கி நின்று பார்க்க வேனில் உதவியாள் கிடையாது. இருக்கவேண்டும் என்று சட்டமும் இல்லை. பள்ளிக்கூடத்தின் மேல் போட்ட வழக்கு பிசுபிசுத்துப் போனது.

அப்புறம் அவருக்குத் தையல் மெஷினில் உட்காரவே முடியவில்லை. ஒவ்வொரு அலுவலகமாக நடையாய் நடந்தார். தொகுதியே அவருக்காக உருகியது. ஆளுங்கட்சி அதை மோப்பம் பிடித்து சீட் கொடுத்தது, ஜெயித்துவிட்டார். மனைவிக்கு மட்டும் இதில் ஒட்டுதல் இல்லை.

"பிள்ளை போட்டோவக் காட்டி ஓட்டு கேட்டுட்டீங்கல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

உள்ளே போன பிறகுதான் சபையின் லட்சணம் அவருக்குப் பிடிபட்டது. அரசாங்கத்தின் மசோதா காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் நிறைவேறிவிடும். தனி உறுப்பினரின் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் நேரம். அதற்கும் குலுக்கலில் பெயர் விழவேண்டும். விழாமலே வருஷங்கள் ஓடின. கடைசியில் ஒரு வழியாக விழுந்தது.

"நானும் வரட்டுமா?" என்று மனைவி தானாகவே கேட்டாள்.

அவள் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தாள். கீழே முக்கால்வாசி நாற்காலிகள் காலி. வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே பெட்டி கட்டிவிடுகிற கூட்டம் அது. எதிர்வரிசையில் நர்ஸாக இருந்து அரசியலுக்கு வந்த எதிர்க்கட்சி அம்மாள் மட்டும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டெய்லர் பேசினார். பள்ளி வேன் ஒவ்வொன்றிலும் ஓர் உதவியாள் இருக்கவேண்டும். வண்டி பின்னால் நகரும்போது இறங்கி நின்று வழி பார்க்கவேண்டும். மசோதா அவ்வளவுதான். மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. மேலே மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போக்குவரத்து அமைச்சர் எழுந்தார். "உங்க வருத்தம் புரியுது. அரசாங்கமே பார்த்துச் செய்யும். இதை வாபஸ் வாங்கிக்குங்க."

"இல்லீங்க. ஓட்டுக்கு விடுங்க."

அப்போது அவருடைய சொந்தக் கட்சிக் கொறடா, அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார். "சபாநாயகர் அவர்களே, சபையில போதுமான ஆள் இல்லை."

பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்களாவது இருந்தால்தான் சபை நடக்கும். தாழ்வாரமெல்லாம் மணி அடித்தது. நர்ஸம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினார். டீ குடித்துக்கொண்டிருந்த சிலரைக் கையோடு இழுத்து வந்தார். மணி நின்றது. சபாநாயகர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஒரு ஆள் குறையுது" என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

மாடத்தில் மனைவி எழுந்து நின்றாள். காவலர் பக்கத்தில் வந்து, "அம்மா, இங்க நிக்கக்கூடாது. உக்காருங்க" என்றார்.

"என்னையும் சேத்து எண்ணச் சொல்லுங்களேன்" என்றாள் அவள் மெதுவாக.

சபை ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தொடரில் முதல் மசோதாவாக எடுத்துக்கொள்வதாக சபாநாயகர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குள் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்து, அரசாங்கம் கவிழ்ந்து, சபையும் கலைந்தது. மேலவை கலையாமல் நிற்கும். டெய்லர் இருந்த கீழவை அப்படியில்லை, அது கலைந்தால் அங்கே பாதியில் கிடக்கும் மசோதாக்களும் அதோடு செத்துப்போகும். டெய்லருக்கு மறுபடி சீட்டும் கிடைக்கவில்லை.

நர்ஸம்மாள் திரும்ப ஜெயித்தார். டெய்லரும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனார்கள்.

"நான் கொண்டு வர்றேன் தம்பி" என்றார் அவர். "ஆனா முதல்லேருந்து தொடங்கணும். குலுக்கல்ல பேர் விழணும். எப்ப விழும்னு என்னால சொல்ல முடியாது."

வழக்கமாகப் பேசாத மனைவிதான் பேசினாள்.

"விழறப்போ சொல்லியனுப்புங்க அக்கா. நாங்க வந்து உக்காந்துக்கறோம்."