ரப்பர் சீப்பும் கம்பளியும்

கொழும்புக்குப் போன தேயிலைப் பெட்டிகளில் ஆறு, செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்துக்கே திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். தேயிலையில் சிவப்புக் காம்பு நார் அதிகம் என்று புகார்.

தோட்டத்துத் துரை, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் இராசையாவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். இராசையா, கங்காணி ரெங்கசாமியிடம் வந்து கோபத்தைக் கொட்டினார். ரெங்கசாமி நேரே தொழிற்சாலைக்குள் போய், தேயிலையில் நார் பொறுக்கும் எட்டுப் பெண்களையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பண்டாரவளை ரயிலடிக்கு வண்டி போவும். அதுக்குள்ள ஆறு பெட்டியும் சுத்தமாகணும். இல்லேன்னா நாலு பேரு மலைக்குப் போயிக் கொழுந்து எடுங்க. கண்ணு தெரியுறவளுகளா பாத்து இங்க உக்கார வைக்கிறேன்."

நாலு பேரில் முதலாவதாக அவர் விரல் நீட்டியது பாக்கியலெட்சுமியை.

மூன்று வருடத்துக்கு முன் மழையில் மலைச் சரிவில் வழுக்கி விழுந்து, அவளுடைய வலது கணுக்கால் கோணலாக ஒட்டிக்கொண்டது. நமுனுகுல மலைச் சரிவில் கூடையோடு ஏற அவளால் முடியாது. தொழிற்சாலை வேலை போனால் தோட்டத்தில் அவளுக்கு வேறு வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அறையும் இல்லை.

மறுநாள் மத்தியானம், தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய தேயிலையில் நார் பொறுக்கிக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி, கலைந்த கூந்தலைச் சீப்பால் ஒதுக்கினாள். சந்தியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஷுக்ரியிடம் வாங்கிய கறுப்பு ரப்பர் சீப்பு அது.

"ஏ பாக்கியம், நார் பத்தலேன்னு மயிரையும் சேத்து அனுப்பப் போறியா?" என்றார் வாசலில் வந்து நின்ற ரெங்கசாமி.

அவள் அவசரமாகச் சீப்பை மடியிலிருந்த கம்பளியில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ரெங்கசாமி நகர்ந்ததும் அதைத் தட்டின் மேலாக எடுத்து இடுப்பில் செருகப் போனாள். தட்டிலிருந்த சிவப்பு நார்கள் எழுந்து நின்றன. சில துள்ளிச் சீப்பில் ஒட்டிக்கொண்டன.

பாக்கியலெட்சுமி அவற்றைத் தட்டிலேயே வழித்துப் போட்டாள். மறுபடி தேய்த்தாள், மறுபடி ஒட்டின. மிகவும் தாழ்த்தினால் தேயிலைத் தூளும் சேர்ந்து வந்தது. இரண்டு விரல் உயரத்தில் பிடித்தால் நார் மட்டும் வந்தது.

வியாழக்கிழமை விடியலில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது டீமேக்கரும் இருந்தார். தூறலில் எல்லோரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாக்கியலெட்சுமி முன்னால் வந்தாள்.

"டீமேக்கரய்யா, இந்தச் சீப்பு நார் பொறுக்குதுங்க. பாருங்க."

ஒரு பிடி நாரைக் கல்லின் மேல் வைத்தாள். தலையிலிருந்த கம்பளியை இழுத்துச் சீப்பைத் தேய்த்தாள். ஒரு நாரும் அசையவில்லை. மறுபடி தேய்த்தாள். அசையவில்லை.

"மந்திரம் மறந்து போச்சா புள்ள?" என்றார் ரெங்கசாமி. களம் முழுக்கச் சிரித்தது. "சீப்புல பேய் இருந்திருக்கும். காலையில வேலைக்கு வரல போல."

முகம் சுருங்கப் பாக்கியலெட்சுமி தொழிற்சாலைக்குள் போனாள். கம்பளியை உதறியபோது கையில் நீர் தெறித்தது. அவள் அப்படியே நின்றாள். நேற்று இதே கம்பளி, இதே சீப்பு. நேற்று இல்லாமல் இன்று இருப்பது எது? ஈரம்.

கம்பளியை உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். சீப்பையும் துடைத்துச் சூடு காட்டினாள். கம்பளி மொறுமொறுவென்று காய்ந்ததும் தேய்த்தாள். தட்டின் மேல் நீட்டினாள். நார்கள் பாய்ந்து வந்தன.

"கங்காணியய்யா," என்று கூப்பிட்டாள். "பேய் வேலைக்கு வந்திருச்சு. ஆளுக்கு ஒரு தட்டு எடுப்போமா?"

ரெங்கசாமி ஒரு காலத்தில் கை வேகத்துக்குப் பேர் போனவர். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மறுக்க முடியுமா? மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். இராசையாவும் வந்து நின்றார்.

ரெங்கசாமி ஒவ்வொரு நாராகக் கிள்ளினார். பாக்கியலெட்சுமி தேய்த்தாள், வீசினாள், ஒட்டியதை வழித்துப் போட்டாள். ரெங்கசாமி ஒரு மூலையை முடிப்பதற்குள் அவள் தட்டு கறுப்பாக, சுத்தமாக இருந்தது. இராசையா அதைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு சிவப்புக்கூட இல்லை.

"இது பேயில்ல ரெங்கசாமி, மின்சாரம்," என்றார் அவர். "எல்லாப் பொருளுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத துகள் இருக்கு. தேய்க்கிறப்போ கம்பளியில இருந்து கொஞ்சம் சீப்புக்கு வந்துருது. அதுதான் லேசான நாரை இழுக்குது. மழைக்காலத்துல மலை மேல வெட்டுற மின்னலும் இந்தச் சாதிதான்."

"அப்போ காலையில ஏங்கய்யா இழுக்கல?" என்றார் ரெங்கசாமி.

பதில் சொன்னவள் பாக்கியலெட்சுமி. "ஈரத்துல அது தங்காதுங்க. தண்ணி வழியா ஓடிப்போயிரும். நம்மதான் நனைஞ்ச கம்பளியோட நின்னோம்."

இராசையா அவளைத் திரும்பிப் பார்த்தார். "சரியாச் சொன்ன. இனிமே இந்த அறையில வேலை எப்படி நடக்கணும்னு நீ சொல்லு, மத்தவுக செய்யட்டும்."

அவள் சொன்ன முதல் வேலை ரெங்கசாமிக்கு. ஒரு டஜன் ரப்பர் சீப்பு வேண்டும், உடனே.

ரெங்கசாமி சந்திக்கு ஓடினார். கடையில் ஷுக்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். ரெங்கசாமியின் தலையில் ஒரு மயிர்கூடக் கிடையாது.

"ஒரு டஜனா? கங்காணியார் எதை நம்பி வாங்குறீங்க?"

"சும்மா எடுங்க தம்பி," என்றார் ரெங்கசாமி. "பாக்கியம் காத்துக்கிட்டு இருக்கு."

மூன்று சட்டங்களில் நாலு நாலு சீப்பாகக் கட்டினார்கள். எட்டுப் பெண்களின் கம்பளிகளும் உலர்த்தும் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையாகத் தொங்கின. ஈரக் கையோடு தட்டைத் தொட்டவளைப் பாக்கியலெட்சுமி விரட்டினாள். சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் நாலு பெட்டி முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மீதி இரண்டும்.

ஆறு பெட்டியும் ஏறியதும் வண்டிக்காரர் மாட்டைத் தட்டினார். ரெங்கசாமி பெண்கள் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"யாரும் மலைக்குப் போக வேணாம். எட்டுப் பேரும் உள்ள போயி உக்காருங்க."

"அதுக்கு முன்னால ஒண்ணுங்க," என்றாள் பாக்கியலெட்சுமி. "உங்க கம்பளி நனைஞ்சிருக்கு. காயவச்சுட்டு உள்ள வாங்க."

ரெங்கசாமி கம்பளியைக் கழற்றிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் நடந்தார்.