வியாழக்கிழமைச் சவரம்

சலூன்காரருக்கு வாய் ஓயாது. கத்தரிக்கோல் நின்றாலும் பேச்சு நிற்காது என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவர், வியாழக்கிழமை காலைகளில் கடை திறக்கும் முன் ஒரு வீட்டுக்குப் போய், பதில் பேசாத ஒருவருக்குச் சவரம் செய்துவிட்டு வந்தார்.

அது பள்ளி வேன் டிரைவரின் வீடு. இருவரும் ஒரே சபை, ஞாயிறு ஆராதனையில் ஒரே பெஞ்சு. நான்கு மாதங்களுக்கு முன் டிரைவர் வேனைப் பின்னால் எடுத்தபோது, செருப்பு வாரை மாட்டக் குனிந்திருந்த ஆறு வயதுப் பெண் குழந்தை சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பேசவில்லை.

முதல் வாரம் சபையார் திரண்டு வந்து பாடினார்கள், வசனம் சொன்னார்கள். "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று ஒருவர் ஆரம்பித்ததும் டிரைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் அவர் மனைவி சலூன் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவர் ஏதாவது பண்ணிக்குவாரோன்னு பயந்துபோய் வீட்டுல பிளேடு, கத்தி எதையும் வைக்கிறதில்ல. தாடி காடா வளந்து கிடக்கு..."

"நான் வர்றேம்மா."

பிரசங்கம் அவருக்கு வராது, சவரம்தான் வரும். முதல் இரண்டு வாரம் சிரிப்புக் கதைகள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. ஐந்தாவது வியாழக்கிழமை, தாடையில் நுரை பூசிக்கொண்டிருந்தபோது டிரைவரின் உதடு அசைந்தது.

"அந்தப் புள்ளையோட அம்மா எப்படி இருக்கா?"

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரியாது. நான்கு மாதத்தில் அவர் அந்த வீட்டுப் பக்கம் போனதே இல்லை.

அன்று மாலையே போனார். அந்தத் தாய் துணி மடித்துக்கொண்டிருந்தாள். யார் அனுப்பினார்கள் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"அவர் வேணும்னு பண்ணலைன்னு தெரியும்ண்ணே. தெரிஞ்சு என்ன செய்ய? காலைல ஏழு மணியானா கை தானா சீப்பை எடுத்துடுது. பின்னிவிடத் தலை இல்ல."

நாள் முழுக்கத் தலைமுடியில் கைவைத்துப் பிழைக்கிற மனிதர், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "மன்னிப்புன்னு..." என்று இழுத்தார்.

"தொண்டை வரைக்கும் வருது. அதுக்கு மேல வரல. போயிட்டு வாங்கண்ணே."

அடுத்த வியாழக்கிழமை டிரைவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"பாத்தியா? என்ன சொன்னா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு ஒப்பவில்லை. "அவளால முடியலப்பா. இன்னும் முடியல."

டிரைவர் தலையசைத்தார். "அப்ப எனக்கு எதுக்கு மொகம் மழிக்கிறே? இனிமே வராதே."

மறு வாரமும் சலூன்காரர் போனார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியே மனைவியின் முகம் தெரிந்தது. அழுது வீங்கியிருந்தது.

"திறக்க விடமாட்டேங்கிறாருண்ணே. ஒரு ஜெபமாவது பண்ணுங்க."

"ஆண்டவரே" என்றார். அடுத்த சொல் கிடைக்கவில்லை.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லும்மா."

பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். உள்ளே நாற்காலி கதவுப் பக்கமாக நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வெயில் படியேறி அவர் முழங்கால்வரை வந்துவிட்டது.