துருவக் காட்டின் ஒரு துண்டு

கம்பத்துக் கல்லூரியின் கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது.

"கல்லு எங்கடி?" என்றாள் ரஃபியா.

அனுசுயா அங்கே தாவரவியல் பேராசிரியை. உத்தமபாளையத்தில் ரஃபியாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அவள் கேட்டதற்காகத்தான், அண்டார்டிகாவில் தானே தோண்டி எடுத்த கல்மரத்தைத் தன் ஆய்வு நிறுவனத்தில் மன்றாடி இரவல் வாங்கித் தந்திருந்தாள் ரஃபியா.

"தாளாளர் எடுத்துட்டுப் போனாக. தொடைச்சு வைக்கத்தான்னு நெனச்சேன்." என்றாள் அனுசுயா.

விழா மேடையில் விடை கிடைத்தது. தாளாளர் தங்கப்பாண்டியன் விருந்தினர்களுக்குப் பளபளக்கும் கல் துண்டுகளைப் பரிசளித்துக்கொண்டிருந்தார். எல்லாம் இதய வடிவம். மேலே பொன்னெழுத்தில் கல்லூரியின் பெயர். அடியில் ஓடிய பழுப்புக் கோடுகளைக் கண்டதும், அது தன் கல்மரம் என்று ரஃபியாவுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு ஒரு துண்டை நீட்டினார். "நம்ம கிரானைட் பட்டறையிலயே அறுத்தது. ஆளுக்கொண்ணு கெடைக்கட்டுமேன்னுதான்."

அவள் மைக்கை வாங்கினாள்.

"உங்க கையில இருக்கறது மரம். இப்ப பனி மூடிக் கெடக்கற தென்துருவத்துல ஒரு காலத்துல காடு நின்னுச்சுங்கறதுக்குச் சாட்சி. அங்கன மாசக்கணக்குல வெளிச்சம், மாசக்கணக்குல இருட்டு. மரம் வெளிச்சத்துல வேகமா வளந்து, இருட்டுனதும் சட்டுனு வளர்றத நிறுத்திருக்கு. மரத்தோட இந்த வளையக் கோட்ட வரிசையாப் படிச்சாத்தான் அது தெரியும். நான் இன்னும் படிச்சு முடிக்கல. யாரக் கேட்டு அறுத்தீக?"

"உக்காரும்மா. பெரிய மனுசங்க இருக்காக," என்றார் தங்கப்பாண்டியன்.

அவள் உட்காரவில்லை. பொன்னாடையைக் கழற்றி ஏந்தியபடி விருந்தினர் வரிசைக்குப் போனாள். திராட்சை வியாபாரி ஹனீபா முதல் ஆளாகத் தன் துண்டை அதில் வைத்தார். "எங்களுக்குத் தெரியாதும்மா." மற்றவர்களும் வைத்தார்கள். ஓர் அதிகாரியின் துண்டு காருக்குப் போயிருந்தது. அது கைக்கு வரும்வரை அந்தக் காரின் கதவருகே நின்றாள்.

ஆய்வக மேசையில் இருவரும் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சேரவில்லை. இதய வடிவத்துக்காக ஓரங்களைக் கழித்துவிட்டிருந்தார்கள். பட்டையை ஒட்டிய விளிம்பு மொத்தமாக இல்லை. மரம் வெளிச்சக் காலத்தில் செத்ததா, இருட்டிலா என்று அந்த விளிம்புதான் சொல்லும்.

கோம்பை சாலையில் இருந்த பட்டறைக்குப் போனார்கள். "ஓரக் கழிவா? உடைச்சு, பின்னாடி பள்ளத்துல கொட்டியாச்சே," என்றான் அறுப்பவன்.

பின்னாலேயே தங்கப்பாண்டியன் காரில் வந்து இறங்கினார். "சின்ன விசயத்துக்கு இம்புட்டா? புதுசா ஒண்ணு வாங்கித் தந்துர்றேன்."

"எந்தக் கடையில?" என்று கேட்டாள் ரஃபியா.

அவர் பார்க்கப் பார்க்க இரண்டு பெண்களும் பள்ளத்தில் இறங்கிக் கழிவைக் கிளறினார்கள். பொழுது சாயும்போது, வெளி விளிம்போடு விரல் நீளத் துண்டு ஒன்று மட்டும் கிடைத்தது. அதைத் துணியில் சுற்றிய பிறகும் ரஃபியாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மேலேறி வந்து, அவர் எதிரிலேயே நிறுவனத்துக்குப் போன் போட்டாள். கல் என்ன ஆனது, அறுக்கச் சொன்னது யார் என்று பெயர் சொல்லித் தெளிவாகச் சொன்னாள்.