மங்களேஸ்வரி சாகாத படங்கள்

வாடகைக்கு வந்த ஐம்பது கதிரைகளில் முப்பதை மடக்கி, ஒவ்வொன்றாக வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாத்திக்கொண்டிருந்தான் விவேகானந்தன். வெறுங்கதிரை கண்ணை உறுத்துகிறதாம். அக்கா புருஷனின் செத்தவீட்டுக்கு ஆள் இல்லை என்று றோட்டால் போகிறவர்கள் நினைத்துவிடக் கூடாதாம். குண்டசாலைச் சனத்துக்கு அதுவா வேலை என்று கேட்க அவன் அக்கா மங்களேஸ்வரிக்கு வாய் வந்தது, கேட்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் இருந்து, புருஷன் தேவராசாவின் நெற்றியில் திருநீறு உதிர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் இரண்டரை மணி. அவர் செத்தது வெள்ளிக்கிழமை காலை, பஸ் தரிப்பில். கையிலிருந்த கசெட் பையைப் பக்கத்து வாங்குப் பலகையில் பக்குவமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள். உயிர் போகிற நேரத்திலும் கசெட்டுக்குத்தான் முதல் மரியாதை என்று அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. சனிப்பிணம் தனிப்போகாது என்று தம்பி ஒரு நாள் தள்ளினான். தள்ளியும் என்ன? யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தது. போன ஐப்பசியில் ஊரோடு இடம்பெயர்ந்த தேவராசாவின் சகோதரங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளோடு படிப்பிக்கிற ஆசிரியைகள் ஆறு பேர், அயலட்டம், பக்கத்து வீட்டு நளீர், அவர் மனைவி பாயிஸா. வந்த கூட்டம் அவ்வளவுதான். நாலு மணிக்கு மகியாவ மயானத்தில் நேரம் எடுத்திருந்தது. மூன்றரைக்குத் தூக்க வேண்டும்.

தேவராசாவுக்குத் திக்குவாய். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர், மேசையில் டெலிபோன் வைத்த மாதமே வேலையை விட்டார். எண்பத்து மூன்று ஆடியில் அவர் வந்த பஸ்ஸைப் பேராதனைக்கு இப்பால் மறித்து ஒரு கூட்டம் ஏறியது. பேச்சை வைத்துத் தமிழாளைப் பிடிப்பதற்காக ஒவ்வொருவரையும் ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். இவர் முறை வந்தபோது முதல் எழுத்திலேயே தொண்டை இறுகி, கண் பிதுங்கி, எச்சில் வழிந்ததுதான் மிச்சம். "இது ஊமை, விடுங்கள்" என்றான் கொண்டக்டர். விட்டுவிட்டார்கள். பின்சீற்றில் இருந்த இரண்டு பேர் சரளமாகச் சொல்லி, உச்சரிப்பில் பிடிபட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த நாட்டில் அந்த வருடம் அதுவும் தலைகீழானது. அதற்குப் பிறகு அவர் இன்னும் குறைவாகவே பேசினார்.

மறுவருடம் டவுனில், திருகோணமலை வீதியில் ஒரு மாடியறை எடுத்து வீடியோக் கடை போட்டார். கசெட் கொடுக்க வாய் தேவையில்லை, கை போதும். ஆங்கிலக் குதிரைப் படம், சீனத்து அடிதடி, இந்திக் கண்ணீர், டிவியில் போகும்போது பிடித்து வைத்த சிங்கள நாடகம், ஜப்பான் நாடகம் என்று சுவர் தெரியாமல் அடுக்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, ஆனாலும் போவார். மங்களேஸ்வரி எத்தனையோ ஞாயிறு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கசெட்டைக் கட்டியிருக்கலாம், என்னை ஏன் கட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

எல்லா எழுத்திலும் திக்கினாலும் மகரம் வந்தால் நாக்கு கிழட்டு மாடு போலப் படுத்தேவிடும். பொம்பிளை பார்க்க வந்த அன்று அவள் பெயரைச் சொல்லப் போய், ம, ம, ம என்று நின்று வியர்த்து, அவளுடைய தகப்பனார் எழும்பித் தண்ணீர் கொடுக்கும்படி ஆயிற்று. அன்றோடு சரி. இருபத்திரண்டு வருடம் "இஞ்சாரும்"தான். பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர், தம்பிக்கு அக்கா, வீட்டில் இஞ்சாரும். மங்களேஸ்வரி என்கிற பெயரை உரக்க வாசிப்பது அடையாள அட்டை பார்க்கிற ஆமிக்காரன் மட்டுந்தான். அவர் ஒரு சொல்லில் நின்றால் அவள் அதைப் பிடுங்கி முடித்து வைப்பாள், பாவமே என்றுதான். அவளுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. முடித்து வைத்து முடித்து வைத்து, கடைசியில் அவர் தொடங்குவதையே விட்டுவிட்டார்.

கேற்றடியில் லொறி ஒன்று வந்து நின்றது.

முதலில் எல்லோரும் பயந்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டு வாசலில் லொறி நின்றால் பயப்படத்தான் வேண்டும். ஆனால் இறங்கியது ஆமி இல்லை. வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரம், வெளுத்த சேலை. செருப்பைக் கேற்றுக்கு வெளியே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த ஐம்பது வயதுப் பெண் பெட்டியருகில் வந்து தேவராசாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"இவரா?" என்று பின்னால் திரும்பிக் கேட்டாள். "இம்புட்டுச் சின்ன ஆளா?"

மங்களேஸ்வரி நிமிர்ந்தாள். "நீங்கள் ஆர் அம்மா?"

"கலஹா தேயிலத் தோட்டத்துல இருந்து வாரோம். எம்பேரு வீரம்மா. இது கதை சொல்ற ஐயா வீடுதானுங்களே?"

"இல்லை அம்மா, நீங்கள் வீடு மாறி வந்திட்டியள். இவர் கசெட் கடை தேவராசா."

"அவரேதாங்க" என்று தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டியபடி ஒரு மனிதர் முன்னால் வந்தார். "நான் பழனியாண்டி. நேத்து கசெட்டத் திருப்பிக் குடுக்க வந்தேன். கடையில வெள்ளக்கொடி. தோட்டத்துல போய்ச் சொன்னதும் ஒருத்தரும் வீட்டுல இருக்கல்ல. வர்ற வழியில மூணு எடத்துல ஆமிக்காரங்க எறக்கி ஐசி கார்டு பாத்தாங்க. பரவால்ல, மொகத்தப் பாத்திரணும்னு வந்துட்டோம். எங்காளுகளுக்குக் குரல்தான் தெரியும், மொகந் தெரியாது."

"என்ன குரல்? இவருக்குக் கதைக்கிறதே கஷ்டம். வாய் திக்கும்."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயாவுக்கா? பீலியில தண்ணி உழுகிற மாதிரில்ல பேசுவாரு."

பழனியாண்டிதான் விளக்கமாகச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் அவர் கடைக்குப் போயிருக்கிறார். தமிழ்ப்படம் எல்லாம் தோட்டத்து லயத்து வீடுகளில் மூன்று தரம் பார்த்தாயிற்று. வேறு பாஷைப் படம் கொடுங்கள், என்ன கதையென்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "ஐயா வாயத் தொறந்தாரு. பொறகு மூடிக்கிட்டாரு. அடுத்த திங்கக்கெழம வாங்கன்னு துண்டுல எழுதிக் காட்டுனாரு. கடையில ஐயா பேச மாட்டாரு, பெரிய மனுசங்க அப்பிடித்தானேன்னு நெனச்சேன். திங்கக்கெழம போய் வாங்கிட்டு வந்து கசெட்டப் போட்டா, வெள்ளக்காரன் தமிழ் பேசுறான்."

"உங்க ஊர்த் தமிழு" என்றாள் வீரம்மா. "குதிரையில இருந்துக்கிட்டு ஓம்ங்கிறான், வாறன்ங்கிறான். அவன் பேச்சும் ஐயாதான், பொம்பள பேச்சும் ஐயாதான், குதிர கனைக்கிறதும் ஐயாதான். எங்க லயத்துப் புள்ளைக இப்ப கூப்புட்டா ஓம்னுதான் கேக்குதுக."

கடை வீடியோ டெக்கில் பழைய சத்தத்தை அழித்துப் புதுச் சத்தம் ஏற்றுகிற ஒரு பொத்தான் இருப்பது மங்களேஸ்வரிக்குத் தெரியும். கலியாண வீடியோவுக்குப் பாட்டுப் போட என்று நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் வந்து நின்றன. பூட்டிய அறையில் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் எட்டு வருடமாகப் பேசியிருக்கிறார்.

"அம்மா, கேக்கக் கூடாது" என்றாள் வீரம்மா. "மங்களேஸ்வரின்னா யாரு? ஐயாவோட மகளுங்களா?"

"ஏன் கேக்கிறியள்?"

"எல்லாப் படத்துலயும் கதாநாயகி பேரு அதுதானுங்க. வெள்ளக்காரின்னாலும் மங்களேஸ்வரி, சீனாக்காரின்னாலும் மங்களேஸ்வரி."

"நான்தான்" என்றாள் அவள்.

பின்னால் நின்ற பெண்கள் நுனிக்காலில் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். வீரம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கு நெடுநாள் தெரிந்தவள் போலப் பேசினாள். "உங்கள சாகவே உட மாட்டாருங்க. படத்துல அந்தப் பொம்பளயச் சுட்டுப்புடுவாங்க, குழியில வச்சு மண்ணத் தள்ளுவாங்க. ஐயா சொல்லுவாரு, இவ சாகேல்லை, சும்மா படுத்திருக்கிறான்னு. மொதல்ல நாங்க சிரிச்சோம். பொறகு நாங்களும் அப்பிடியே நெனச்சுக்கிட்டோம்."

மங்களேஸ்வரி பெட்டிக்குள் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அதே முகம், பஞ்சு வைத்த அதே மூக்கு. ஆனால் கோயிலில் திரை விலகும்போது உடம்பு ஒருதரம் சிலிர்க்குமே, அது அவளுக்கு அப்போது வந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதரை அவள் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"அந்தக் கசெட் உங்களிட்டை இருக்கோ?"

பழனியாண்டி தோள் துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, டிவியைத் திருப்பு. டெக்கிலை இதைப் போடு."

விவேகானந்தன் கதிரையைக் கீழே வைத்தான். செத்தவீடு என்று அவன்தான் டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வெள்ளை வேட்டி போட்டு மூடியிருந்தான். "அக்கா, உமக்கென்ன விசரே? பிணம் கிடக்கேக்கை படம் போடுறதோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் வந்ததே அதுக்குத்தானே."

"சரி, போடுறன் எண்டு வையும். கறண்ட் எங்கை? அஞ்சு மணிக்குத்தானே வரும். மூண்டரைக்குத் தூக்கவேணும்."

அது உண்மை. அந்த வருடம் மழை பொய்த்து, மகாவலியில் கல் தெரிந்தது. பகலில் நாலு மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அவள் கசெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியோடு சாய்ந்து இருந்தாள். அவர் எரிந்த பிறகு கேட்கலாம்தான், எத்தனை தரமும் கேட்கலாம். ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது, அவருக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு தரம் அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். அதை எப்படித் தம்பியிடம் வாய்விட்டுச் சொல்வது?

சொல்லத் தேவைப்படவில்லை. "டீச்சர், கோழிக்கடையில மெசின் இரிக்கி" என்று நளீர் எழுந்தார். "ஐஸ்பெட்டி ஓடுற மெசின். அஞ்சு நிமிசத்துல கொண்டு வாறேன்." தோட்டத்து ஆண்கள் நாலு பேர் அவரோடு ஓடினார்கள்.

மூன்று பத்துக்கு ஜெனரேட்டர் மதிலுக்கு வெளியே உறுமத் தொடங்கியது. டிவி மேலிருந்த வேட்டியை மங்களேஸ்வரியே எடுத்தாள். தோட்டத்துச் சனம் யாரும் சொல்லாமலே முற்றத்திலும் விறாந்தையிலும் சம்மணம் கட்டி இருந்துவிட்டது. நின்றவர்களுக்கு விவேகானந்தன் பின்பக்கம் சாத்திய கதிரைகளைத் திரும்பக் கொண்டுவந்து விரித்தான். றோட்டால் போன சனமும் உள்ளே வர, அதுவும் போதாமல் போயிற்று.

திரையில் மழைக்கோடு ஓடியது. ஒரு மணல்வெளி, ஒரு குதிரை. முதலில் ஒரு செருமல் கேட்டது. அது அவருடைய செருமல்.

"இது ஒரு வனாந்தரம்" என்றது குரல். "எங்கடை ஊர் மாதிரித்தான், பனை மட்டும் இல்லை. உந்தக் குதிரையிலை வாறவன் நல்லவன். ஆனால் அவன் நல்லவன் எண்டு அவனுக்கே இன்னும் தெரியாது."

ஒரு சொல் தடக்கவில்லை. மங்களேஸ்வரி முன்னால் குனிந்திருந்தாள். எங்கே நிற்பாரோ என்று, நின்றால் எடுத்துக் கொடுக்க, அவளுடைய உதடு பழக்கத்தில் சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தது. அவர் எங்கும் நிற்கவில்லை. அடுத்த வசனம் மனப்பாடமான தோட்டத்துச் சனத்தின் வாய்களும் அவரோடு சேர்ந்து மெல்ல அசைந்தன. தன்னுடைய வீட்டில் நாற்பது அந்நியர்களுக்குத் தெரிந்த மனிதர் தனக்குத் தெரியாமல் போனார் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு மேலால் சந்தோஷமும் வந்தது. அதை அவளால் மறைக்க முடியவில்லை.

"நேரம் பத்தாது, அந்த எடத்துக்கு ஓட்டுங்க" என்றாள் வீரம்மா. பழனியாண்டி நாடாவை முன்னால் ஓட்டி, சரியாக நிறுத்தினார்.

மரவீட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண் கட்டிலில் கிடக்கிறாள். மார்பில் ரத்தம். குதிரைக்காரன் அவளைத் தூக்கி மடியில் போட்டு வாய் திறந்து அழுகிறான்.

"மங்களேஸ்வரி" என்றார் தேவராசா.

மகரத்தில் ஒரு நூல் இடறவில்லை. தினம் ஆயிரம் தரம் சொல்லிப் பழகியவர் சொல்வதுபோல் சொன்னார்.

"ஓம்" என்றாள் அவள், தன்னையறியாமல், பெட்டிப் பக்கம் திரும்பி.

"இவ சாகேல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, அதுதான் நேரத்தோடை படுத்திட்டா. இவன் விசரன் அழுறான், நீங்கள் அழாதேங்கோ." திரையில் நாலு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார்கள். "உந்தப் பெட்டியிலை இருக்கிறது வேறை ஆரோ. மங்களேஸ்வரி எழும்பித் தேத்தண்ணி வைப்பா. நான் ஒருநாள் அவவுக்கு முன்னாலை இருந்து இதெல்லாத்தையும்..."

விவேகானந்தன் மணிக்கூட்டைப் பார்த்தான். மூன்றரை தாண்டிவிட்டது. அவன் கண்ணைக் காட்ட, தூக்குகிற நாலு பேர் வந்து பெட்டியின் நாலு பக்கமும் குனிந்து கை வைத்தார்கள்.

"அக்கா, நேரம்."

மங்களேஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொறு தம்பி" என்றாள். "அவர் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

நாலு பேரும் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றார்கள்.