விடுவதற்கு ஒன்றும் இல்லாதவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் நான் திருட்டு வழக்கில் மூன்றாவது முறையாக உள்ளே இருந்தேன். நவம்பரில் ஓம் என்ற சிறை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். ஓர் அறையில் உளவாளி ஒருவன் இருக்கிறான், ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுக்கிறான், நீ அங்கே போய்ப் போட வை என்றார். எப்படி என்று சொல்லவில்லை. எனக்குத் தினமும் பன்றிக்கறிக் குழம்பு, ஆறு மாதத் தண்டனைக் குறைப்பு.

உளவாளியின் பெயர் பியோ ஜோங்தல். சோக்சோ துறைமுகத்து மீனவர். மியோங்தே மீன் பிடிக்கப் போன படகு மூடுபனியில் எல்லை தாண்டி வடக்கே, கம்யூனிஸ்ட்டுகளின் நாட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டது. வடக்கில் பிடித்துப் பத்து மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். இங்கே இறங்கியதும் வடக்கின் உளவாளி என்று இவர்கள் பிடித்தார்கள். பதினைந்து வருடத் தண்டனை.

முதல் நாளே அடித்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, இடது பக்க விலா ஏற்கனவே உடைஞ்சிருக்கு. அங்க அடிச்சா மயங்கிடுவேன். அப்புறம் நீ யார்கிட்டப் பேசுவே?" என்றார்.

மறுநாள் ஓம் தாளோடு வந்தார்.

"கம்யூனிசத்தைக் கைவிடுறேன்னு ஒரே வரி. போட்டுட்டு வீட்டுக்குப் போய்யா."

"என்கிட்ட அது இல்லையே ஐயா. இல்லாததை எப்படி விடுறது?"

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? போடு!"

"போட்டா, இருந்துச்சுன்னு ஆயிடும். படகுல வந்த மத்த நாலு பேருக்கும் இருந்துச்சுன்னு ஆயிடும்."

வேண்டுமானால் நடந்ததை எழுதித் தருகிறேன் என்று பேனாவை வாங்கி எழுதினார்: மூடுபனி, பழுதான இன்ஜின், எத்தனை வலை. ஓம் கிழித்துப் போட்டார்.

அவருடைய போர்வையைப் பறித்தார்கள். அவர் விடிந்ததும் பனிக்கட்டித் தண்ணீரில் முகம் துடைத்து, விரலால் தலைவாரி, "நல்லாத் தூங்கினியா?" என்று என்னைக் கேட்பார். எனக்கு எரிச்சல் வந்தது.

"அடிக்கிறவன்கிட்ட என்னண்ணே விசாரிப்பு?"

"அதுக்கு யாரும் தடை போடலையே."

ஜனவரியில் ஒருநாள் கையை ஓங்கினேன். அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். கையை இறக்கிவிட்டேன். ஏன் என்று இன்றும் சரியாகத் தெரியாது. ஓமிடம் போய், இனி முடியாது என்றேன்.

"குழம்பு நிக்கும்."

"நிக்கட்டும் ஐயா."

"குறைப்பும் போச்சு."

"போகட்டும்."

என்னை வேறு அறைக்கு மாற்றினார்கள்.

பியோ பதினைந்து வருடமும் முழுதாக இருந்தார். கையெழுத்துப் போடாமலே வெளியே வந்தார் என்று கேள்விப்பட்டு சோக்சோவுக்குப் போனேன். துறைமுகத்தில் மனைவியோடு மீன் அறுத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்கூட இருந்த தம்பி" என்று அவளிடம் சொன்னார்.

"கூட இருந்தவன் இல்ல அண்ணி. அடிச்சவன்" என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தினாள். "எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம்."

பிறகு ஒரு கூடையையும் இன்னொரு கத்தியையும் என் பக்கம் தள்ளினாள்.

"குடலை மட்டும் எடு. சினையைக் கிழிச்சிடாத."

மூன்று மீனில் கிழித்துவிட்டேன். அந்த மூன்றுக்கும் நன்றாகத் திட்டினாள்.