சமையலறைக்கு ஒன்பது மணி நேரம்

"சமையலறை எங்கம்மா?"

"அந்த நடை வழியா நேரா போங்க சார். ஒன்பது மணி நேரம் ஆகும்."

"அச்சா! தமாஷா?"

"உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு பேர் போய்ப் பார்த்தாச்சு. கேட்டுப் பாருங்க."

கல்யாணராமன் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வைப்பது அவர் உத்தியோகம். தில்லி கிட்வாய் நகரின் அந்த வீட்டை லீலாவதி காலி செய்ய மறுத்து ஏழு மாதமாகியிருந்தது.

அவள் கணவர் ஜோதிலிங்கம், அரசாங்கத்தில் வரைபடம் போடுகிறவர், 1977 ஜூனில் இரண்டு வருட வேலைக்காக பாலம் விமான நிலையத்திலிருந்து ஆப்பிரிக்காவின் லுசாகாவுக்குப் பறந்தார். இடையே வான்வழித் தூரம் ஏழாயிரத்து நூற்றைம்பது கிலோமீட்டர், ஒன்பது மணி நேரப் பயணம். அவர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஆறு மணிக்குக் காப்பி போட எழுந்துபோன லீலாவதி, சமையலறையை அடைந்தபோது அவள் கடிகாரத்தில் மணி மூன்று. ஜன்னலில் பதினொன்றரை மணி வெயில். ஜோதிலிங்கம் பனியனோடு நின்று வெங்காயத்தைத் தடித்தடியாக வெட்டிக்கொண்டிருந்தார். "வந்துட்டியா? உப்பை எங்க வச்சே?" என்றார்.

அதன்பின் ஸ்டவ் பால்கனிக்கு வந்தது. சனிக்கிழமை காலை புளிசாதம் கட்டிக்கொண்டு நடைக்குள் போவாள், ஞாயிறு மாலை திரும்புவாள். ஓடினாலும் நேரம் குறையவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து போனாலும் கூடவில்லை. பாதி வழியில் காது அடைக்கும், அவ்வளவுதான். கணவர் எந்நேரமும் வீட்டிலேயே இருக்கும் பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி, தன் சமையலறை நாலே எட்டில் இருப்பதைக் குறையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

வெளிநாடு போனவர் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைக்குமுன் எல்லா அறைகளையும் அளந்து படிவத்தில் எழுத வேண்டும் என்பதும் விதி. முதலில் வந்த இன்ஸ்பெக்டர் மதியச் சாப்பாட்டை நினைத்து இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். அடுத்தவர் வழியில் தூங்கிவிட்டு, காதைக் குடைந்துகொண்டே வந்தார். அளக்காமலே கையெழுத்துப் போடச் சொல்லி ஆபீஸ் மூன்று கடிதம் அனுப்பியது. லீலாவதி மூன்றையும் திருப்பி அனுப்பினாள். வேறெந்த வீட்டிலும் சமையலறை நாலு எட்டில் இருக்கும். அங்கே அவர் இருக்க மாட்டார்.

"இதப் பாரும்மா, நான் நெனச்சா போலீஸோட வருவேன்."

"கூட்டிட்டு வாங்க. அவங்களும் நடக்கட்டும். முன்னறையை அளந்தீங்க, படுக்கை ரூமை அளந்தீங்க. இதையும் அளந்து, உள்ள தூரத்தை அப்படியே எழுதுங்க. அன்னைக்கே சாவி தரேன். விதி உங்களோடது சார், என்னோடது இல்ல."

படிவத்தில் அந்தக் கட்டம் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தது. கல்யாணராமன் அளவு நாடாவை இழுத்தார். பதினைந்து மீட்டர் முடிந்தது, நடை முடியவில்லை. தூரத்திலிருந்து யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை, கொஞ்சம் கருகலாக, வந்தது. மணி பார்த்தார். காலை எட்டு. ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

லீலாவதி அவர் கையில் டிபன் டப்பாவைக் கொடுத்தாள். அவர் ஒரு காலை நடைக்குள் வைத்ததும், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலையும் நீட்டினாள்.

"போறதுதான் போறீங்க, இதை அவர்கிட்ட குடுத்துடறீங்களா சார்?"